எரிவு நின்ற கால்

இன்று காலை மில்லிலிருந்து புதுத் தவிடு வந்தது. உமியும் குறுணலும் போக அரித்தெடுத்து, இரும்புச் சட்டியில் போட்டு மெல்லிய நெருப்பில் வறுத்துக்கொண்டிருந்தேன், அக்கா. நிறம் மாறும் நேரத்தில் தவிட்டிலிருந்து ஒரு வாசம் எழும்பும். அது மூக்கில் ஏறியதும் அகப்பையால் கிளற மறந்துவிட்டேன். முதல் தடவை இந்தத் தவிட்டை ஒரு பால்மா ரின்னில் அடைத்து உங்களிடம் தந்தபோது, மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "கோழிக்கு வைக்கிறத்த எனக்குத் தாறாய், நல்ல ஆள்தான் புள்ள நீ" என்றீர்கள். அதை நினைத்துக்கொண்டு நின்றதில் சட்டியில் இருந்தது கருகிப்போயிற்று. மகள் ஓடிவந்து இறக்கி வைத்தாள். "கை சுட்டுட்டா உம்மா?" என்று கேட்டாள். கையைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. என் விரல் நுனிகளுக்குச் சூடு இன்னும் சரியாகத் தெரிவதில்லை.

நீங்கள் போய் நாலு வருசமாகிறது. இத்தனை காலம் எழுதாதவள் இன்று எழுத உட்கார்ந்ததற்குத் தவிட்டு வாசம் மட்டும் காரணமில்லை. போன மாதம் நம் வீட்டுக்கு ஒருவர் வந்துபோனார். அவரிடம் நான் சொன்ன ஒரு பதிலை உங்களிடமும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் ஒருதரம் வரிசையாக நினைத்துக்கொள்கிறேன்.

கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் கிளினிக்கில் காத்திருக்கிற வாங்கில்தான் உங்களை முதலில் கண்டேன். எனக்குக் கழுத்தில் கட்டி. உங்களுக்குக் கழுத்திலும் கைக்குக் கீழே கமக்கட்டிலும். சுற்றிவர எல்லாரும் சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நேர்ஸ் மிஸி உங்களிடம் ஏதோ கேட்க, நீங்கள் கையைக் காட்டிக் காட்டி, "மறுகா வரச் சொன்னாங்க, மறுகா, மறுகா" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். பிறகு என்பதற்கு நாம் சொல்கிற அந்த ஒரு சொல் போதும், நம் பக்கத்து ஆள் என்று தெரிந்துகொள்ள. நான் பக்கத்தில் வந்து, "எந்த ஊர் அக்கா?" என்று கேட்டேன். பெரியநீலாவணை என்றீர்கள். நான் மருதமுனை என்றேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு மைல்கூட வராது. எங்கள் ஊர் முழுக்கக் கருவாட்டுக் கூடையோடு அலைந்திருக்கிறீர்கள். என் வீட்டுக் கடப்படியிலும் எத்தனை தரம் கூப்பிட்டிருப்பீர்கள். ஆனாலும் அந்த வாங்கில்தான் ஒருவரை ஒருவர் முகம் பார்த்துக் கதைத்தோம்.

அதன்பிறகு ஊசிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் சேர்ந்தே போனோம். அம்பாறையால் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உங்களுக்கு, ஏனென்றால் வாந்தி முதலில் வருவது உங்களுக்குத்தான். தலைமயிர் கொட்டியபோது எனக்கு முக்காடு இருந்தது. நீங்கள் ஒரு பழைய துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு, "கூட தூக்கிறவள் எண்டுதானே நினைப்பாங்க" என்று சிரித்தீர்கள். கட்டிகள் கரைந்தன. உங்களுக்கும் எனக்கும் ஒரே கிழமையில்தான், இனி ஊசி தேவையில்லை, மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து காட்டினால் போதும் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டில் கந்தூரி கொடுத்தார்கள். நீங்கள் கோயிலில் பொங்கல் வைத்து, வாழையிலையில் பொதிந்து எனக்கும் அனுப்பினீர்கள்.

எல்லாரும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள். நமக்குத்தான் இன்னொன்று தொடங்கியிருந்தது.

எனக்கு விரல் நுனியில் ஆரம்பித்தது. பிறகு கால். முதலில் மரத்துப்போன மாதிரி, பிறகு எரிவு. எங்கள் வீட்டுத் தறிக்கு நூல் சுற்றும்போது அறுந்த இழையை விரலால் உருட்டி முடிவேன், அது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. இப்போது இழை விரலில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தெரியவில்லை. பிள்ளைகளின் வாப்பா ஒன்றும் சொல்லாமல் தறி வேலைக்கு வேறொரு ஆளை வைத்தார். இரவில் போர்வை பட்டாலே கால் துடிக்கும். மாமி, "கட்டிதான் கரஞ்சிட்டே, இன்னும் என்னத்துக்குச் சிணுங்கிறாய்?" என்பா. வெளியில் ஒரு காயமில்லை, வீக்கமில்லை, சிவப்பில்லை. காட்ட ஒன்றும் இல்லாத நோவை யாரும் நம்புவதில்லை.

அடுத்த கிளினிக்குக்குப் போகும் பஸ்ஸில் உங்களிடம் மெல்லச் சொன்னேன். நீங்கள் செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கிச் சீற்றில் வைத்துக்கொண்டு, "எனக்குச் சுறாத் தோலுக்கு மேல நடக்கிற மாதிரி இரிக்கி. உனக்கு எப்படி?" என்று கேட்டீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் நோவைப் பற்றி ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நெருப்பில் காய்ச்சின நூலை ஒவ்வொன்றாகக் காலுக்குள் விட்டு இழுக்கிற மாதிரி என்றேன். அதன்பிறகு அது நமக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. காணும்போதெல்லாம், "இண்டைக்கு எப்படி?" "இண்டைக்குக் கட்டெறும்பு." "எனக்கு ஐஸ் பெட்டிக்குள்ள கால வச்ச மாதிரி." இப்படி ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரு பேர்.

கிளினிக்கில் தமிழ் கதைக்கிற டொக்டர் ஒருவர் இருந்தார். நாம் இருவரும் ஒன்றாகவே உள்ளே போனோம். அவர் பஞ்சாலும் ஊசியாலும் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கட்டியைக் கரைத்த ஊசிதான் நரம்பையும் தொட்டிருக்கிறது என்றார். "இதுக்கெண்டு தனியா மருந்து இல்லை. விற்றமின் பி தாறன். சில பேருக்குக் கொஞ்சம் லேசாகும், சில பேருக்கு ஒண்டுமில்லை. மாசங்கள் போகப் போகத் தானாக் குறையலாம். சத்தான சாப்பாடு சாப்பிடுங்கோ, காலைக் கவனமாப் பாருங்கோ."

கடைசியில் சொன்னதை நாம் இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விற்றமின் என்ற சொல்தான் காதில் விழுந்தது.

அந்தச் சின்ன மஞ்சள் குளிசைகளை வாங்கிக்கொண்டு வந்தோம். அதை விழுங்கினால் சிறுநீர் மஞ்சளாய்ப் போகும். "காசு குடுத்து வாங்கிறது அப்படியே வெளியால போகுது புள்ள" என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு, கல்முனைச் சந்தியில் நின்று சிரித்தோம். அந்த வருசம் நான் சிரித்தது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

தவிட்டில் அதே சத்து இருக்கிறது என்று எங்களூரில் நாட்டு வைத்தியம் செய்கிற பரிகாரியார் சொன்னார். அப்படித்தான் பால்மா ரின்கள் உங்கள் ஊருக்கு வரத் தொடங்கின. தவிட்டுக் கஞ்சியில் தேங்காய்ப்பால் விட்டுச் சீனி போட்டால் குடிக்கலாம் என்று சொல்லித் தந்தேன். நீங்கள் பதிலுக்குச் சுறா ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயைச் சர்பத் போத்தலில் விட்டு அனுப்பினீர்கள். மாமி அந்தப் போத்தலை வீட்டுக்குள்ளேயே எடுக்க விடவில்லை, கிணற்றடி மதிலில்தான் இருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு காலையில் ஒரு கரண்டி. முருங்கையிலைச் சாறு, எள்ளுருண்டை, முளைகட்டின பயறு, யார் என்ன சொன்னாலும் இரண்டு வீட்டிலும் செய்து பார்த்தோம். நல்லதா கெட்டதா என்று உண்மையில் தெரியவில்லை. சில நாள் லேசாக இருக்கும். மறுநாள் பழையபடி. லேசான நாளில் முதல்நாள் என்ன தின்றோம் என்று யோசித்து, அதையே திரும்பத் தின்போம்.

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. உங்களுக்குக் குறையவில்லை. மணலில் கால் வைக்க முடியாமல், கருவாட்டுக் கூடையை மகளிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்க வேண்டி வந்தது. ஊர் ஊராய் நடந்த மனிசி நீங்கள். வாசலில் உட்கார்ந்திருப்பதுதான் நோவை விட உங்களுக்குப் பெரிய நோவு. அப்போதுதான் குவைத்தில் இருந்த உங்கள் தம்பிக்குக் கடிதம் போட்டீர்கள்.

அவருக்கு அங்கே ஒரு கம்பனிக் குசினியில் சமையல் வேலை. அக்காவின் கால் எரிகிறது என்று மருந்துக் கடையில் போய்ச் சொல்லி, நரம்புக்கு நல்ல விற்றமின் எது, ஆகப் பலமானது எது என்று கேட்டிருக்கிறார். ஊருக்கு லீவில் வருகிற ஆட்களிடம் போத்தல் போத்தலாகக் கொடுத்துவிட்டார். பெரிய கண்ணாடிப் போத்தல், ஒவ்வொரு குளிசையும் புளியங்கொட்டையளவு. எனக்கும் ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தீர்கள். நான் ஒன்று விழுங்கினாலே வயிறு புரட்டிக்கொண்டு வரும். இரண்டு நாளில் விட்டுவிட்டேன். நீங்கள் விடவில்லை.

"ஒண்டுக்குக் கொஞ்சம் லேசாகுது. நாலு போட்டா நல்லா லேசாகத்தானே வேணும்."

"கூடப் போட்டா ஏதும் செய்யாதா அக்கா?"

"இதென்ன மருந்தா புள்ள? சத்து. சோறு மாதிரி. சோறு கூடத் திண்டு செத்தவன் ஆரும் இரிக்கானா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. விற்றமின் என்றால் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சாமான். அதற்குப் பயப்படுகிறவர் யார்? போத்தலில் இங்கிலீசில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை. காலையில் ஒரு பிடி, பின்னேரம் ஒரு பிடி என்று உங்கள் கணக்கு ஏறிக்கொண்டே போனது. மாதக்கணக்காக அப்படித்தான்.

பிறகு ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு முற்றத்தில் இருந்தேன். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையால் நீங்கள் நடந்து வருகிறீர்கள். தலையில் கருவாட்டுக் கூடை. எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தக் கூடை. எனக்கு நம்ப முடியவில்லை. கடப்படியைத் திறந்ததும் திறவாததுமாக, "எரிவு நிண்டுட்டு புள்ள" என்றீர்கள்.

மாமரத்துக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்தீர்கள். "நுள்ளிப் பாரு" என்றீர்கள். நான் மெல்ல நுள்ளினேன். "இன்னும் நல்லா." அழுத்தி நுள்ளினேன், நகம் பதிந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். "பாத்தியா? ஒண்டுமில்ல. குளிசை கடைசியில வேலை செஞ்சிட்டு. தம்பிக்கு எழுதோணும்."

அப்போதுதான் கண்டேன், உங்கள் வலது காலில் செருப்பில்லை. "ஒரு செருப்பு எங்க அக்கா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்து நீங்களே திகைத்துப்போனீர்கள். மணலில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, தெரியவில்லை. இருவரும் சிரித்தோம். மகளை அனுப்பித் தேடி எடுத்துவரச் சொன்னேன். உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. உங்களுக்கு நின்றுவிட்டது, எனக்கு இன்னும் எரிகிறது என்று.

அதன்பிறகு கொஞ்ச நாளில் முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்று ஊர்கள் இரண்டுபட்டன.

அதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கும் அந்த நாட்களைப் பற்றிக் கதைக்கும்போது எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு கதை சொல்வார்கள், உங்கள் பக்கத்து ஆட்கள் வேறொரு கதை சொல்வார்கள். நான் கண்டது புகை. கடைகள் பூட்டியிருந்தன, பஸ் இல்லை, சந்தைக்கு ஆளில்லை. எங்கள் ஊரின் வடக்கு எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே பனங்குற்றியைப் போட்டுக்கொண்டு எங்கள் ஆம்பிளைகள் நின்றார்கள். அதற்கங்கால் உங்கள் ஆட்கள் இன்னொரு குற்றியைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஒரு துண்டு வெறும் ரோட்டு. அதில் நாய்கூட நடக்கவில்லை.

கடற்கரையால் வந்துபோகிற ஒரு மீன் வியாபாரிதான் செய்தி கொண்டுவந்தார். எங்களூர்க்காரர், இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஆள். "உங்கட கருவாட்டு அக்காட கால் கறுத்துப்போய் வீங்கிட்டு. காய்ச்சல்ல பிசத்துறா. கெளிற்று முள் ஏறி உள்ளுக்க முறிஞ்சி கிடந்திரிக்கி. எப்ப ஏறினதெண்டு அவக்கே தெரியாதாம்" என்றார்.

கெளிறு மீனின் முள் குத்தினால் எப்படி இருக்கும் என்று கடற்கரைப் பிள்ளைக்கும் தெரியும். பெரிய ஆம்பிளைகளே கத்துவார்கள். அந்த முள்ளோடு நீங்கள் நாட்கணக்காக நடந்திருக்கிறீர்கள். மணலில் நடந்து, தண்ணீர் அள்ளி, வலையடியில் மீன் பொறுக்கி. கால் உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வடக்கே களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஆமியின் சுற்றிவளைப்பு, போக முடியாது. தெற்கே கல்முனை ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் எங்கள் ஊரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

பிள்ளைகளின் வாப்பா அதிகம் கதைக்காத மனிசன், உங்களுக்குத் தெரியும். கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பிறகு, நெய்த சாறன் மூட்டை ஏற்றுகிற வேனின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, "நீயும் ஏறு. பொம்புள இருந்தாத்தான் விடுவாங்க" என்றார். மாமி கதவடியில் நின்று, "அல்லாட காவல்" என்று மட்டும் சொன்னா. தடுக்கவில்லை.

எங்கள் குற்றியடியில், பெரியநீலாவணை எல்லையில் நம் ஊர்ப் பொம்புளை ஒருத்தி மாட்டிக்கொண்டிருக்கிறா, ஏற்றிக்கொண்டு வருகிறோம் என்று அவர் சொன்னார். உங்கள் குற்றியடியில் உங்கள் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் உங்களை ஒரு பாயில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். மீன் வியாபாரி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். உங்கள் வீட்டுக்காரர் வேனில் கால் வைக்கப் போனார். பிள்ளைகளின் வாப்பா அவர் தோளைப் பிடித்து, "நீங்க வந்தா ஒருத்தரும் போய்ச்சேர மாட்டோம் அண்ணன்" என்றார். அவர் உங்கள் தலையைத் தடவிவிட்டு இறங்கினார். உங்கள் மகள் ஒரு துணிப்பையை என் மடியில் போட்டாள்.

வேனுக்குள் உங்கள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கால் பக்கமிருந்து வந்த நாற்றம் சொல்லக்கூடியதில்லை. என் முக்காட்டை எடுத்து உங்களுக்குப் போட்டு, சேலை முந்தானையை என் தலையில் இழுத்துவிட்டேன். பிறகு பெருவிரலால் உங்கள் பொட்டை அழித்தேன். நீங்கள் கண்ணைத் திறந்து பார்த்தீர்கள்.

"அழிச்சிட்டியா?"

"மறுகா வச்சிக்கலாம் அக்கா."

"ம்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அந்தப் பெருவிரலில் எனக்குக் குங்குமத்தின் ஈரமும் தெரியவில்லை, உங்கள் நெற்றியின் காய்ச்சலும் தெரியவில்லை.

எங்கள் எல்லையில் வேனை மறித்தார்கள். ஒருவர் ஜன்னலால் தலையை நீட்டி, "ஆரு இது?" என்று கேட்டார். "என்ட ராத்தா. காய்ச்சல்" என்றேன், கூடப்பிறந்த அக்காவைச் சொல்கிற மாதிரி. அவர் உங்கள் முகத்தைக் கனநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. எத்தனை வருசம் அவர் வீட்டுக்கும் கருவாடு கொடுத்திருப்பீர்கள். பின்னால் நின்றவன், அவருக்குத் தம்பி வயது இருக்கும், "ஆரு காக்கா?" என்று கேட்டான். அவர் தலையை வெளியே எடுத்து, "நம்மட ஆக்கள்தான். விடு" என்றார். குற்றியை உருட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் காலைப் பார்த்ததும் அவர் முகம் மாறிப்போயிற்று. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், ஆனால் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது, எடுத்தாலும் சொல்ல முடியாது என்றார். கண்டிக்கு அனுப்ப ரோட்டில்லை. உங்களைப் பற்றி என்னிடம்தான் எல்லாம் கேட்டார். கட்டி, ஊசி, எரிவு, எரிவு நின்றது, எல்லாம் சொன்னேன். இப்போது என்ன மருந்து எடுக்கிறா என்று கேட்டார். மகள் தந்த துணிப்பையைத் திறந்தேன். உடுப்புக்கு நடுவில் தம்பி அனுப்பிய போத்தல்.

டொக்டர் அதை வாங்கி வாசித்தார். "ஒரு நாளைக்கு எத்தினை?" என்று கேட்டார். சொன்னேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். போத்தலை மேசையில் வைத்தார்.

"இதை அளவுக்கு மிஞ்சிக் கனகாலம் எடுத்தா, இதுவே நரம்பைக் கெடுக்கும். எங்களுக்கே இது இப்பதான் தெரிய வருது. எரிவு நிண்டது சுகம் வந்து இல்லை. நரம்பு செத்துத்தான் நிண்டிருக்கும்."

"அப்ப இந்தக் குளிசையாலதானா டொக்டர்?"

"ஊசியா குளிசையா எண்டு என்னால சொல்ல ஏலாது. ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இனிக் குடுக்காதீங்கோ."

இனிக் கொடுப்பதற்கு என்ன இருந்தது? பிள்ளைகளின் வாப்பா அப்போது உங்களுக்காக இரத்தம் கொடுக்கப் போயிருந்தார். அந்த வார்த்தைகளைக் கேட்டது நான் ஒருத்திதான்.

கால் எடுக்கும் நிலைக்கே நீங்கள் வரவில்லை. மறுநாள் காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தீர்கள். தேத்தண்ணி கேட்டீர்கள், பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். மகளைக் கேட்டீர்கள், வருவாள் என்றேன். அவள் வர முடியாது என்று உங்களுக்கும் தெரியும். பிறகு காலைப் பார்க்க முயன்றீர்கள். அது சீலையால் மூடியிருந்தது.

"காலுக்கு இப்ப எப்படி அக்கா?" என்று கேட்டேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

"ஒண்டுமில்ல புள்ள. எரியவே இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னீர்கள். "தம்பிக்கு எழுது. குளிசை நல்லம் எண்டு எழுது. பாவம், அவன் கஷ்டப்பட்டு அனுப்பினவன்."

ஓம் என்றேன். மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். என் கை உங்கள் கையில் இருந்தது. பிடி எப்போது தளர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. என் விரல்கள் அதையும் எனக்குச் சொல்லவில்லை.

உங்களைச் சமாதானக் குழு ஆட்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜீப் எங்கள் வீட்டு ரோட்டால்தான் போனது. கடப்படியில் நின்று பார்த்தேன். அதற்கு மேல் வர எங்களை விடவில்லை. உங்கள் ஊர்ச் சுடலைப் பக்கம் புகை தெரிகிறதா என்று பின்னேரம் மாடியில் ஏறிப் பார்த்தேன். அந்த நாட்களில் எந்தப் பக்கம் பார்த்தாலும் புகைதான், எது உங்களுடையது என்று தெரியவில்லை.

தம்பிக்கு நான் எழுதவில்லை. எழுத உட்காருவேன். குளிசை நல்லம் என்று எழுதப் பேனை ஓடாது. டொக்டர் சொன்னதை எழுதவும் கை வராது. அப்படியே வருசங்கள் போயின. ரோட்டுத் திறந்தது. திரும்ப அடைபட்டது, திரும்பத் திறந்தது. உங்கள் மகள் கூடையோடு எங்கள் ஊருக்கு வரத் தொடங்கினாள். மாமியே அவளைக் கூப்பிட்டு வாங்குவா.

போன மாதம் அவளோடு தம்பி வந்தார். குவைத்திலிருந்து முடித்துக்கொண்டு வந்துவிட்டாராம். உங்கள் நெற்றி, உங்கள் பல்வரிசை. தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். கொழும்புப் பஸ், கிளினிக், வேன், எல்லாவற்றையும் என் வாயால் கேட்க விரும்பினார். பொட்டை அழித்ததைக்கூடச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடைசியில்தான் கேட்க வந்ததைக் கேட்டார்.

"நான் அனுப்பின குளிசையால அக்காக்குக் கொஞ்சமெண்டாலும் சுகம் கிடைச்சதா? சும்மா சொல்லாதீங்க. எனக்குத் தெரியோணும்."

பிள்ளைகளின் வாப்பா பக்கத்தில் இருந்தார். உங்கள் மகள் வாசற்படியில் இருந்தாள். டொக்டர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். குசினியில் வெந்து உழைத்த காசில், ஆகப் பலமானது எது என்று கேட்டு வாங்கிய மனிசன். அவருக்கு முன்னால் அதை எப்படி வைப்பேன்? டொக்டரே ஊசியா குளிசையா என்று தெரியாது என்றாரே. தெரியாத ஒன்றை இந்த மனிசனின் தலையில் ஆயுளுக்கும் ஏற்றிவிடவா?

"ஓம் தம்பி" என்றேன். "எரிவு நிண்டுட்டு எண்டு என்னட்டச் சொன்னவ. ஆஸ்பத்திரியிலயும் சொன்னவ. குளிசை நல்லம் எண்டு உங்களுக்கு எழுதச் சொன்னவ."

ஒரு சொல்லும் பொய்யில்லை அக்கா. எல்லாம் நீங்கள் சொன்ன சொற்கள்தான். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்தபோது அவர் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. இத்தனை வருசமும் அந்தக் கேள்வி அவரை என்ன செய்துகொண்டிருந்ததோ.

போகும்போது கடப்படியில் திரும்பி நின்று, "உங்களுக்கும் கால் எரிவு எண்டு அக்கா எழுதியிருந்தவ. இன்னும் இரிக்கா? அங்க என்ட கூட்டாளிமார் இரிக்கிறாங்க. எழுதினா அதே குளிசைய அனுப்புவாங்க" என்றார்.

"வேணாம் தம்பி" என்றேன். "எரிவு இருக்கட்டும்."

அவருக்கு விளங்கவில்லை. சிரித்துவிட்டு உங்கள் மகளின் கூடையைத் தான் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் வாசலில் நின்றேன். முற்றத்து மணல் சுட்டது. இரண்டு காலும் எரிந்துகொண்டிருந்தன.